ஒரு வெபர், பத்துக் கோடி மேக்ஸ்வெல்

இயற்பியல் மாணவர்கள் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும் சமன்பாடு ஒன்று உண்டு. ஒரு வெபர் என்பது பத்துக் கோடி மேக்ஸ்வெல். இரண்டுமே காந்தப் பாயத்தை, அதாவது ஒரு பரப்பை ஊடுருவிச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவைக் குறிக்கும் அலகுகள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஒரு காஸ் வலிமையுள்ள புலம் செங்குத்தாகக் கடந்தால் அது ஒரு மேக்ஸ்வெல். ஒரு சதுர மீட்டரை ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலம் கடந்தால் அது ஒரு வெபர். ஒரு டெஸ்லாவுக்குப் பத்தாயிரம் காஸ். ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் பத்துக் கோடி வந்துவிடும்.

வாழ்நாளெல்லாம் நாணய மாற்று விகிதங்களைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு, இப்படி ஒரு மாற்று விகிதம் பொறாமையூட்டுவது. டாலரின் மதிப்பு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெபருக்கும் மேக்ஸ்வெலுக்கும் இடையிலான விகிதமோ எந்த அரசு மாறினாலும் மாறாது. இரண்டுமே நீளம், நிறை, காலம் என்ற பொதுவான அடித்தளத்திலிருந்து வரையறுக்கப்பட்டவை என்பதே காரணம். மின்சாரத்தை இந்த அடித்தளத்தின் மேல் நிறுத்திக்காட்டியவர் வில்ஹெல்ம் எடுவர்ட் வெபர்.

ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் 1804 அக்டோபர் 24 அன்று பிறந்தார். தந்தை இறையியல் பேராசிரியர். அண்ணன் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக், மனிதப் புலனுணர்வின் அளவுகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அலைகளைப் பற்றி எழுதிய நூல் 1825-இல் வெளிவந்தபோது வில்ஹெல்முக்கு வயது 21 கூட நிறையவில்லை. 1828-இல் பெர்லினில் நடந்த அறிவியலாளர் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, அங்கு வந்திருந்த கணித மேதை காஸின் கவனத்தை ஈர்த்தது. மூன்று ஆண்டுகளில், காஸின் பரிந்துரையால், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார்.

அன்று காந்த அளவீடு இருந்த நிலை இன்று நமக்கு விசித்திரமாகத் தோன்றும். புவிக்காந்தத்தின் வலிமையை அறிய விரும்பும் பயணி ஒரு காந்த ஊசியைக் கொண்டுபோய், அது குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை ஊசலாடுகிறது என்று எண்ணுவார். பெரு நாட்டில் தாம் அளந்த ஓரிடத்தின் வலிமையை ஒன்று என வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை ஹம்போல்ட் அதனோடு ஒப்பிட்டார். ஆனால் ஊசியின் காந்தத்தன்மையே நாளடைவில் குறையக்கூடியது. எண் மாறினால், மாறியது பூமியா ஊசியா என்று எப்படிச் சொல்வது? உலோகத் தரம் தேய்ந்துகொண்டே போகும் நாணயத்தைக் கொண்டு விலைவாசியை அளப்பதற்கு ஒப்பானது இது.

காஸ் 1832-இல் இதற்கு விடை கண்டார். ஊசியின் தயவு வேண்டாம். மில்லிமீட்டர், மில்லிகிராம், வினாடி ஆகிய மூன்றை மட்டும் கொண்டே காந்த வலிமையைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். அந்த ஆய்வில் வெபர் உடனிருந்தார். மறு ஆண்டு இருவரும் வான் ஆய்வகத்தையும் இயற்பியல் கூடத்தையும் நகரின் கூரைகளுக்கு மேலாக ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கம்பியால் இணைத்து மின்தந்தி அனுப்பினார்கள். அதை வணிகமாக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பல நாடுகளின் ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் புவிக்காந்தத்தை அளப்பதற்கான சங்கம் ஒன்றைக் கட்டுவதிலேயே அவர்கள் நாட்டம் இருந்தது.

இந்நிலையில்தான் 1837 வந்தது. இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியம் இறந்தார். இங்கிலாந்து விக்டோரியாவுக்குப் போயிற்று. பெண் வாரிசை ஏற்காத ஹானோவர், அவருடைய சிற்றப்பா எர்ன்ஸ்ட் அகஸ்டிடம் போயிற்று. கோட்டிங்கன் ஹானோவர் நாட்டைச் சேர்ந்தது. பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே புதிய மன்னர் 1833-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தார். அந்தச் சாசனத்தின் மீது உறுதிமொழி எடுத்தவர்கள் பேராசிரியர்கள். மன்னர் சொன்னதாலேயே அந்த உறுதிமொழி காலாவதியாகிவிடாது என்று ஏழு பேர் எழுதிக் கையொப்பமிட்டார்கள். வரலாற்றறிஞர் டால்மன், நாட்டார் கதைகளால் நாமறிந்த கிரிம் சகோதரர்கள் இருவர் ஆகியோருடன் 33 வயது வெபரும் அவர்களுள் ஒருவர். டிசம்பரில் எழுவரும் பதவி நீக்கம் செய்யப்பட்டனர். மூவர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

காஸ் கையொப்பமிடவில்லை. எழுவரில் ஒருவரான ஏவால்ட் அவருடைய மருமகன். இன்னொருவரோ உற்ற ஆய்வுத் துணைவர். அறுபது வயதில் இருவரையும் இழக்க நேர்ந்தது. வெபரை மீட்க அவரும் ஹம்போல்டும் முயன்றார்கள். எழுதியதைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது, வெபர் இணங்கவில்லை. சாசன அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் சாசனத்துக்காக எழுந்து நின்றது வியப்பல்ல. அரசியலில் எந்த ஆர்வமும் காட்டியிராத, காந்த ஊசியின் அசைவைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த ஒருவர் அவர்களோடு நின்றதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பல ஜெர்மானிய நகரங்களில் பொதுமக்கள் நிதி திரட்டி எழுவருக்கும் உதவினார்கள். ஆறு ஆண்டுகள் பதவியின்றிக் கோட்டிங்கனிலேயே பெரும்பாலும் தங்கி, காஸுடன் சேர்ந்து புவிக்காந்த வரைபடத் தொகுதியை வெபர் முடித்தார். 1843-இல் லைப்சிக் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. காஸ் காந்தத்துக்குச் செய்ததை மின்னோட்டத்துக்கும் மின்தடைக்கும் செய்யும் பெரும் பணியை அவர் வெளியிடத் தொடங்கியது அங்கே, 1846-இல். புரட்சிகள் ஓய்ந்த 1849-இல் பழைய பதவிக்கே திரும்பினார். இடையில் அந்த இடத்தில் அமர்ந்திருந்த லிஸ்டிங், கணித இயற்பியல் துறைக்கு மாறி வழிவிட்டார்.

இனி, அலகு மாற்றத்தின் வரலாற்றில் ஓர் அபூர்வ நிகழ்ச்சி. நிலையாக நிற்கும் மின்னூட்டத்தின் விசையைக் கொண்டும் மின்னளவைச் சொல்லலாம். ஓடும் மின்னோட்டத்தின் விசையைக் கொண்டும் சொல்லலாம். இரு வகை அலகுகளுக்கும் இடையிலான விகிதம் என்ன? வெபரும் கோல்ராஷும் 1855-56-இல் அதை அளந்தார்கள். அந்த விகிதம் வெறும் எண்ணல்ல, ஒரு வேகம். வெபர் தம் கோட்பாட்டில் கையாண்ட அலகின்படி அது வினாடிக்குச் சுமார் 4,39,450 கிலோமீட்டர். அந்த எண்ணில் எவர் கண்ணுக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் வெபரின் அலகு, மற்றவர்கள் கையாண்ட மின்காந்த அலகிலிருந்து இரண்டின் வர்க்கமூல அளவுக்கு வேறுபட்டது. அதனால் வகுத்தால் கிடைப்பது 3,10,740 கிலோமீட்டர். ஃபீசோ 1849-இல் பாரிசில் அளந்த ஒளியின் வேகம் ஏறத்தாழ 3,15,000!

கம்பியில் செல்லும் மின்னலைகளைக் கணக்கிட்ட கிர்க்காஃப் 1857-இல் இந்த ஒற்றுமையைக் குறித்தார். அதே கணக்கைத் தனியே போட்ட வெபர் அதற்குப் பெரிய பொருள் கொடுக்கவில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்துக்காரரான மேக்ஸ்வெல் அந்த எண்ணைக் கையிலெடுத்தார். ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். வெளியைத் தாண்டி நேரடியாகத் தாக்கும் விசை என்ற வெபரின் கோட்பாட்டை ஏற்காத மேக்ஸ்வெல், வெபரின் அளவீட்டை மட்டும் முழுமையாக நம்பினார். காலப்போக்கில் வெபரின் கோட்பாடு பின்தங்கியது, அளவீடு நிலைத்தது.

வெபர் மணம் செய்துகொள்ளவில்லை. 1891 ஜூன் 23 அன்று கோட்டிங்கனில் மறைந்தார். இங்கிலாந்தில் சில காலம் மின்னோட்டத்தின் அலகுக்கே வெபர் என்று பெயர் வழங்கியது. 1881-இல் பாரிசில் கூடிய மாநாடு அதை நீக்கி ஆம்பியர் என்று வைத்தது. 1899-இல் கோட்டிங்கனில் எழுந்த சிலையில் காஸ் அமர்ந்திருக்கிறார், வெபர் அருகில் நிற்கிறார். 1935-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் காந்தப் பாயத்தின் பெரிய அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. சிறிய அலகில் அதற்கு முன்பே மேக்ஸ்வெலின் பெயர் இருந்தது. பழைய மின்மாற்றி வடிவமைப்பு நூல்களைப் புரட்டுகிற பொறியாளர் இன்றும் மேக்ஸ்வெல் கணக்கைப் பத்துக் கோடியால் வகுத்துத்தான் வெபருக்கு வர வேண்டியிருக்கிறது.