மூளையலை கண்ட ஹான்ஸ் பெர்கர்

தமிழ் உள்ளிட்ட 40க்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றவர் ஜெர்மானியக் கவிஞர் பிரீட்ரிக் ரூக்கெர்ட். அவர் வாழ்ந்து மறைந்த நொய்செஸ் என்னும் சிற்றூரில், அவருடைய மகள் வயிற்றுப் பேரராக 1873 மே 21ஆம் நாள் பிறந்தவர் ஹான்ஸ் பெர்கர்.

வானியல் வேட்கையோடு யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்தவர், ஒரே பருவத்தில் அதனை விடுத்துப் படைப்பணிக்குச் சென்றார். அங்கே பயிற்சியின்போது குதிரையிலிருந்து வீழ்ந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், தொலைவிலிருந்த சகோதரிக்குக் காரணமறியா அச்சம் எழவே, தந்தை நலம் வினவித் தந்தி அனுப்பினார். உள்ளத்தோடு உள்ளம் பேசக்கூடுமாயின் அவ்வாற்றல் யாது என்னும் வினா பெர்கரைப் பற்றிக்கொண்டது. வானியலைத் துறந்து மருத்துவரானார்.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே அறிவித்திருந்தார். மனிதத் தலையின் மேற்பரப்பை எட்டும் மின்னழுத்தமோ, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில பத்துப் பங்கே. பெர்கர் பொறியாளர் அல்லர். மருத்துவமனைப் பணி முடிந்த பொழுதுகளில், இதயத் துடிப்பைப் பதிய அமைந்த கால்வனோமீட்டரைக் கொண்டே முயன்றார். ஊசிகளையும் வெள்ளித் தகடுகளையும் மின்முனைகளாக்கினார். ஒளிக்கதிரின் அசைவை நிழற்படத்தாளில் பதித்தார். 1924இல், மண்டையோட்டில் அறுவைத் திறப்பிருந்த 17 வயது இளைஞரிடம் முதல் அலை கிட்டியது. எனினும் அவர் விரைந்து அறிவிக்கவில்லை. தம்மையும் தம் மகனையும் மீண்டும் மீண்டும் சோதித்து ஐயம் நீங்கிய பின்னரே, 1929இல் வெளியிட்டார். கண் மூடியிருக்கையில் நொடிக்குப் பத்து முறை எழுந்து, கண் திறந்ததும் தணியும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயரிட்டவரும் அவரே. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் உறுதிசெய்த பின்னரே உலகம் அவரை ஏற்றது. அவர் தேடிய உள்ளத்தின் தந்தி மட்டும் இறுதிவரை அகப்படவில்லை.

1938இல் ஓய்வு பெற்ற அவர், மனச்சோர்வுற்று 1941 ஜூன் 1ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாஜி ஆட்சியால் ஒடுக்கப்பட்டவர் என்றே நெடுங்காலம் போற்றப்பட்டார். பின்னர் ஆராயப்பெற்ற ஆவணங்களோ, நோயுற்றோர்க்குக் கட்டாயக் கருத்தடை விதித்த முறைமன்றத்தில் அவரும் அமர்ந்திருந்தார் என்பதைக் காட்டின. அலையைக் கேட்கப் பல்லாண்டு பொறுத்தவர், அவ்வலைக்குரிய மனிதர்க்காகப் பொறுக்கவில்லை. இக்குறையை மறைத்து அவர் வாழ்வை எழுதுதல் முறையன்று.

பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருந்துவந்த அக்கருவி இன்று எளியோர் கைக்கும் எட்டியுள்ளது. 2000க்குப் பின் ஓப்பன் ஈஈஜி போன்ற கூட்டு முயற்சிகள் மின்சுற்று வரைபடங்களை எவரும் எடுத்தாள வெளியிட்டன. மாணவர் தாமே சிறு செலவில் அதனை அமைத்துப் பயில முடிகிறது. அவ்வாறு பயில்வோர் பெர்கரின் பொறுமையைக் கைக்கொள்க. அவர் தவறியதையும் மறவாதிருக்க.