போல் ஏர்லிக்: நாடிச் செல்லும் மருந்தை நாடியவர்

வெங்காயத் தோலின் மெல்லிய படலமொன்றைச் சாயத்தில் தோய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கலத்தின் கரு மட்டும் கடுநிறங் கொண்டு தோன்றுவதை நமது கல்லூரி ஆய்வுகூடத்திற் பயின்ற பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். சாயம் எங்கும் பரந்துதான் செல்கின்றது. அழுந்தப் பற்றுவதோ ஓரிடத்தில். பரீட்சை முடிந்ததும் நம்மிற் பலர் அதனை மறந்தோம். மறவாத ஒருவர் அக்காட்சியின் காரணத்தை ஆராய்வதையே வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். அவரே போல் ஏர்லிக். தமிழாசிரியனாகிய யான் விஞ்ஞானியொருவரின் சரிதத்தை எழுதப் புகுந்தமைக்கு அவர்தம் கருத்தின் அழகே காரணம்.

ஏர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி, அக்காலப் பிரசியாவின் சிலீசியா மாகாணத்து ஸ்ட்ரேலன் என்னுஞ் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். பள்ளியிலும் சர்வகலாசாலையிலும் பரீட்சைக்கு அஞ்சியவர். விரல்களிலும் மேசையிலும் எந்நேரமுஞ் சாயக்கறை. சாயமிடுவதில் வல்லவனாகிய இப்பிள்ளை பரீட்சையில் மட்டும் தேறமாட்டான் என்று ஆசிரியரொருவர் விருந்தினருக்கு அவரைச் சுட்டிக் காட்டியதாக ஒரு கதை உண்டு. ஆயினும் 1878இல் லைப்சிக்கில் அச்சாயங்களைப் பற்றியே கட்டுரை எழுதி வைத்தியப் பட்டம் பெற்றார்.

மாணவராயிருந்தபோது ஈயநஞ்சைப் பற்றிய நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. உடலிற் புகுந்த ஈயம் எல்லா உறுப்புக்களிலும் ஒப்பப் பரவாது, சிலவற்றில் மிகுதியாகத் தங்குகின்றது என்பதை அதிற் படித்தார். ஏன் அங்கே மட்டும் என்ற கேள்வி அவரை விடவில்லை.

பேர்லினில் வைத்தியராயிருந்தபோது இரத்தத்தின் வெண்கலங்களைச் சாயங்கொண்டு வகைப்படுத்தினார். 1882இல் ரொபேட் கொக் சயரோகக் கிருமியை அறிவித்த சில வாரங்களில், அதனை எளிதிற் காட்டவல்ல சாயமுறையை வகுத்தார். சில ஆண்டுகளின் பின் அக்கிருமியைத் தமது சளியிலேயே கண்டு, 1888இல் எகிப்துக்குச் சென்று உடல் தேறித் திரும்பினார். பின்னர் தொண்டைக்கரப்பானுக்குரிய எதிர்நஞ்சை அளந்து நிறுக்கும் வழியை வகுத்தார். நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908இல் மெச்னிக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கலத்தின்மேல் குறித்த பொருள்களை மட்டும் ஏற்கும் வாங்கிகள் உள. பூட்டுக்கு ஏற்ற திறப்புப் போலப் பொருந்துவனவே அங்கே பற்றும் என்பது அவர் கொள்கை. அப்படியாயின், கிருமியை மட்டும் பற்றும் பொருளொன்றிலே நஞ்சை ஏற்றி அனுப்பினால் என்ன? குறி தவறாத மந்திரக் குண்டுகளைப் பற்றி ஜேர்மானிய நாட்டுக்கதைகள் பேசும். அப்பெயரையே அவர் இதற்கு இட்டார். நாம் இராமபாணம் என்போம்.

பிராங்க்பேர்ட்டில் ஆசனிக்குச் சேர்வைகளை ஒவ்வொன்றாய் ஆக்கிச் சோதித்தனர். 606ஆம் இலக்கச் சேர்வையை உதவியாளரொருவர் பயனற்றதென ஒதுக்கிவிட்டார். 1909இல் ஜப்பானிலிருந்து வந்த சகாச்சிரோ ஹாட்டா அதனை மீண்டுஞ் சோதித்தபோது, மேகநோய்க் கிருமி முயலின் உடலிலிருந்து அற்றுப்போனது. அதுகாறும் பாதரசமே அந்நோய்க்கு மருந்து. 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் அது வெளிவருமுன் ஏறக்குறைய 65,000 வேளை மருந்து வைத்தியர்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. இவ்விடத்தில் வெற்றிக்கதையாக முடித்துவிடுதல் உண்மையாகாது. காற்றுப் பட்டாற் கெடும் அம்மருந்தைப் பக்குவமாகக் கரைத்து ஏற்றாதவிடத்துத் தீங்கு நேர்ந்தது. நோயாளர் சிலர் இறந்தனர். ஏர்லிக் ஒவ்வொரு முறைப்பாட்டையுந் தேடி விசாரித்தார்; 1912இல் இலகுவாகக் கரையும் 914ஐ அளித்தார். பத்திரிகைகளோ தூற்றின. 1914இல் நீதிமன்றிலே சாட்சி சொல்லவும் நேர்ந்தது. அவதூறு எழுதியவருக்குச் சிறை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆந் திகதி அவர் காலமானார். ஓயாது சுருட்டுப் புகைத்தவர் அவர். அதனை நம்மவர் பின்பற்ற வேண்டுவதில்லை. நாசி ஆட்சியில் அவர் பெயர் தாங்கிய பிராங்க்பேர்ட் வீதியின் பெயரும் அழிக்கப்பட்டது. போருக்குப் பின்னரே மீண்டது.

புற்றுநோயையும் அவர் விட்டுவைக்கவில்லை. சுண்டெலிக்குச் சுண்டெலி கட்டிகளை ஒட்டி வளர்த்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார், மருந்து அகப்படவில்லை. கிருமி வேற்றான், புற்றுக்கலமோ நெறி தவறிய வீட்டுப்பிள்ளை. வீட்டாரைக் காயப்படுத்தாது அவனை மட்டும் அடையாளங் காண்பது எங்ஙனம்? 1940களிற் பிறந்த புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் கலங்கள் அனைத்தையுந் தாக்கியமையால், மயிர்வேரும் குடலும் என்புமச்சையும் சேர்ந்தே வருந்தின.

ஆகவே அவர் விட்ட இடத்திலிருந்து பின்னோர் தொடர்ந்தனர். 1995இல் டொக்சோரூபிசின் என்னும் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து வழங்க அமெரிக்கா அனுமதித்தது. இருதயத்துக்கு நேருந் தீங்கு அதனாற் குறைந்தது. அமினோ அமிலங்கள் சிலவற்றைக் கோத்த சிறு மாலை போன்றது பெப்தைட்டு. சில கட்டிகளின் கலங்கள்மேல் மிகுந்துள்ள வாங்கிகளிற் பொருந்தும் பெப்தைட்டொன்றிலே கதிர்வீசும் லுற்றீசியத்தைப் பிணைத்த மருந்து, 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பெப்தைட்டுக்களை நனோ துணிக்கைகளின்மேற் பதித்து, உள்ளே மருந்தை அடைத்து அனுப்பும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு. ஆயினும் பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் தொகுத்து நோக்கியபோது, விலங்குகளுக்கு ஏற்றிய துணிக்கைகளிற் கட்டியை அடைந்தவை இடைய அளவில் 0.7 சதவீதமே எனத் தெரிந்தது. வழியிலே பெருந்தொகையானவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்கின்றன. ஏன் அங்கே என்று ஆய்வாளர் இன்றுங் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.