தூசு நீக்கி ஒளி கண்டவர்: சேர். சி. வி. இராமன்

பாரத நாடு ஈன்ற விஞ்ஞானிகளுள் சேர். சந்திரசேகர வேங்கட இராமன் அவர்களின் பெயரை அறியாதார் அரியர். நோபல் பரிசு பெற்ற தமிழர் என்று அவரைப் போற்றும் நாம், அப்பேறு எத்தகைய உழைப்பினால் வாய்த்தது என்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு. கண்ணாடியிழை வழியே ஒளி ஓடிச் செய்தி கொண்டுவரும் இக்காலத்தில், அவ்விழையின் நுனியிற் பொருத்தும் சிறிய இணைப்பியைத் தெரிந்தெடுத்துக் கையாளும் தொழிலாளிக்கும் அப்பெரியாரின் வாழ்க்கையில் ஒரு பாடம் உண்டு. தூய்மையே அப்பாடமாகும்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிலே பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியிலே பணியேற்றமையால் மைந்தரின் இளமையும் அங்கேயே கழிந்தது. பதினோராவது வயதிலேயே மெற்றிக்குலேசன் தேறிய இராமன், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1904இல் முதலிடமும் பௌதிகத்திற் பொற்பதக்கமும் பெற்றுப் பட்டதாரியானார். 1906இல், மாணவராயிருக்கும்போதே, ஒளி பற்றிய அவரது முதற் கட்டுரை இலண்டன் விஞ்ஞான ஏடொன்றில் வெளிவந்தது.

மேனாடு சென்று பயில உடல்நிலை இடந்தராது என வைத்தியர் கூறிவிட்டமையால், இராமன் அரசாங்க நிதிப் பகுதிப் பரீட்சை எழுதித் தேறி, 1907இல் கல்கத்தாவில் உயர் உத்தியோகம் ஏற்றார். ஆயினும் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்தில், அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் உழைத்தார். வீணை, மிருதங்கம் முதலிய நம் இசைக்கருவிகளின் ஒலியியல்பையும் ஆராய்ந்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, சம்பளம் குறைவென்று தெரிந்தும் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து அதனை ஏற்றார். உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கருதும் நமக்கு இச்செயல் சிந்தனைக்குரியது.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீளும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. கடல் வானத்தைப் பிரதிபலிப்பதாலேயே நீலமாகத் தோன்றுகின்றது என்பது அன்றைய கொள்கை. இராமன் பளிங்குப் பட்டகமொன்றினால் நீர்மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். அப்போதும் நீலம் மாறவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்தார்.

அதன்பின் திரவங்களில் ஒளி சிதறும் வகையைத் தம் மாணவருடன் ஆராயத் தொடங்கினார். இங்கே தூசு பெரும் பகையாயிற்று. திரவத்தில் மிதக்கும் நுண்டுகள்கள் மூலக்கூறுகளிலும் பன்மடங்கு ஒளியைச் சிதறச்செய்து உண்மையை மறைத்துவிடும். ஆகவே திரவங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கினர். 1923இல் கே. ஆர். இராமநாதன் மங்கியதொரு வேற்று நிற ஒளியைக் கண்டார். மாசினால் வந்ததாமோ என ஐயுற்று மேலும் மேலும் தூய்மை செய்தும் அவ்வொளி அகலவில்லை. மாசு நீங்கிய பின்னும் எஞ்சியது மாசினாலானதன்று என்பது தெளிவாயிற்று. கே. எஸ். கிருஷ்ணனின் அயராத துணையோடு, சூரிய ஒளியையும் நிறவடிகளையும் கண்ணையுமே கருவியாகக் கொண்டு, 1928 பெப்ரவரி 28ஆம் நாள் அப்புதுமை உறுதியாயிற்று. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறம் மாறி வருகின்றது என்பதே இராமன் விளைவு.

1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. எனினும் கிருஷ்ணனின் பங்கை நாம் மறத்தலாகாது. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் தலைவரான இராமன், நிருவாகப் பிணக்குகளால் 1937இல் அப்பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை அங்கிருந்து, பின்னர் தாமே அமைத்த ஆய்வுநிலையத்தில் இறுதிவரை உழைத்தார். 1954இல் பாரத ரத்தினம் பெற்றார். 1970 நவம்பர் 21இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளுள், கண்ணாடியிழையினுள்ளும் இராமன் விளைவு தொழிற்படுதல் காட்டப்பட்டது. இன்று நெடுந்தூர இழைகளிலே, வலிய ஒளியொன்றைச் செலுத்தி, தளர்ந்து வரும் செய்தியொளிக்கு அதனின்று வலுவூட்டுகின்றனர். இதுவே இராமன் பெருக்கி.

இங்கேதான் இணைப்பியின் பெருமை விளங்கும். நெடுந்தூர இழையில் ஒளி செல்லும் உள்ளகம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு அகலமே உடையது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு துகள் அதனை மறைக்கப் போதும். பெருக்கியின் வலிய ஒளி அத்துகளிற் பட்டால், துகள் எரிந்து கண்ணாடி முகத்தையே பழுதாக்கிவிடும். ஆதலின் பெருக்கிக்கு அண்மையில் இணைப்பிகளைக் குறைத்து, இழைகளை உருக்கி ஒட்டுதலே நன்று.

கழற்றிப் பூட்ட வேண்டிய இடங்களில் இணைப்பி இன்றியமையாதது. எஸ்.சி. என்பது சதுர வடிவினது. அழுத்திப் பூட்டி இழுத்துக் கழற்றுவது. எல்.சி. அதனிலும் சிறியது, நெருக்கமான பொறிப்பலகைகளுக்கு ஏற்றது. எஃப்.சி. திருகிப் பூட்டுவது, அதிர்வுள்ள இடத்திலும் நெகிழாது. வடிவத்திலும் முகத்தின் தீட்டலே முதன்மையானது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலான ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நான்கு பங்களவு ஒளி திரும்பிவிடும். அதனால் இரு முகங்களும் காற்றிடையின்றிப் பொருந்துமாறு சற்றுக் குவிவாகத் தீட்டுவர். நீல நிற இணைப்பியின் முகம் நேராகத் தீட்டப்பட்டது. பச்சை நிற இணைப்பியின் முகம் 8 பாகை சாய்வுடையது. திரும்பும் ஒளி உள்ளகத்திற் புகாது விலகிப்போம். ஒளி திரும்புதல் தீங்கு செய்யும் பெருக்கித் தடங்களுக்குப் பச்சையே தக்கது. நீலத்தைப் பச்சையோடு பூட்டுதல் ஒருபோதும் ஆகாது. 0.3 டெசிபெல் இழப்பென்றால் நூற்றுக்கு ஏழு பங்கு ஒளி போயிற்று என்பது பொருள்.

எத்தகைய இணைப்பியைத் தெரிந்தாலும், பூட்டுமுன் முகத்தைத் துடைத்து, நுண்காட்டியாற் சோதித்தல் வேண்டும். இராமன் தம் கண்ணையே கருவியாக்கினார். இழையின் நுனியையோ நாம் வெறுங்கண்ணால் நோக்கலாகாது. அதனுள் வரும் ஒளி கட்புலனாகாது விழியைக் கெடுக்கவல்லது.

பருத்தித்துறைக் கடலின் நீலத்தை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அது ஏன் நீலம் என்று வினவியவர் ஒருவர். அவ்வினாவின் விடையைத் தூசு படியாது காத்தவர் அவரும் அவர்தம் மாணவருமாவர். நம் கல்லூரி மாணவர் வினவவும், வினவியதை மாசறச் சோதிக்கவும் பழகுவாராயின், இவ்விழா மலர் அவரை நினைந்ததன் பயன் அதுவேயாகும்.