டென்சிங் வெறும் வழித்துணையா?

1953 மே 29, காலை 11.30. எவரெஸ்ட் உச்சியில் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் நின்றார்கள். இது தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, அந்தப் பிரிட்டிஷ் குழுவின் ‘சர்தார்’ டென்சிங்தான் என்பது.

சர்தார் என்றால் ஷெர்பாக்களின் தலைவர். ஆள் எடுப்பது, சுமையைப் பிரிப்பது, கூலிப் பஞ்சாயத்து எல்லாம் அவர் தலையில். அடிவாரம் வரை சாமான் தூக்க மட்டும் 350 பேருக்கு மேல். இத்தனையும் கடைசியில் இரண்டு பேர் மேலே போகத்தான்!

காட்மாண்டுவிலேயே சிக்கல் ஆரம்பம். வெள்ளைக்காரர்களுக்குத் தூதரகத்தில் அறை. ஷெர்பாக்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத கார் ஷெட். அவர்கள் கொதித்துப்போனார்கள். நடுவில் நின்று சமாளித்தவர் டென்சிங்.

அடுத்து மலையில். 7,900 மீட்டரில் உள்ள தெற்குக் கணவாய்க்குக் கூடாரம், ஆக்ஸிஜன், சாப்பாடு போய்ச் சேராவிட்டால் உச்சியை மறந்துவிட வேண்டியதுதான். மே 22-ல் ஷெர்பாக்களுக்குத் தெம்பூட்ட டென்சிங்கும் ஹிலாரியும் அவர்களோடு ஏறி, இறங்கி வந்தார்கள். ஒரே வாரத்தில் அதே கால்களோடு உச்சி.

அந்த வழியும் டென்சிங்குக்குப் புதுசு இல்லை. 1935-ல் சுமைதூக்கியாக எவரெஸ்ட்டுக்கு வந்தவர், 1952-ல் சுவிஸ் குழுவின் ரேமண்ட் லம்பேருடன் உச்சிக்குக் கீழே சுமார் 250 மீட்டர் வரை போய்த் திரும்பியிருந்தார். ஹிலாரி அந்த முகட்டில் கால் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்பே!

1954-ல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது களப் பயிற்சிக்கு முதல் இயக்குநர் அவர்தான். 1986 மே 9-ல் அதே ஊரில் காலமானார்.