அமர்ந்து வாசித்தவர்

எங்கள் மேட்டுப்பாளையத்துத் திருமண மண்டபங்களில் நாகசுரக் கலைஞரை எவரும் கேட்பதில்லை. கெட்டிமேளத்துக்குக் கைகாட்டும்போது மட்டுமே அவர் பக்கம் பார்வை திரும்புகிறது. அதைக் காணுந்தோறும் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன்.

1898இல் பிறந்த அவர் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். அக்காலத்து நாகசுரக்காரர் சுவாமி புறப்பாட்டில் நின்றும் நடந்தும் வாசித்தார். கையிலிருந்ததோ குட்டையான, உச்ச சுருதித் திமிரி; வீதிக்கு ஏற்றது, அரங்கில் செவியை உறுத்துவது. இராஜரத்தினம் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட பாரி நாயனத்தை உருவாக்கச் செய்தார். சுருதி தாழ்ந்தது, சுத்த மத்திமம் பிசகின்றிப் பேசியது. ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். பாடகர்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்தே வாசித்தார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். அவருடைய பிடிவாதத்தைக் குறைசொல்வோர் இன்றும் உண்டு. அது இல்லாமல் அந்த மேடை கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஐரோப்பாவிலும் வேட்டைக்களத்துக் கொம்பு இசையரங்கு ஏறியது. நண்பர் லாயிட்கெப் வாசிப்பதற்கென மொசார்ட் கொம்பு கான்செர்ட்டோக்களை எழுதினார். அங்கே வாசிப்பவருக்கு எழுதித்தர ஒருவர் வாய்த்தார். இங்கே வாசித்தவரே தோடியை விரித்தார், ஏடு ஏதுமின்றி, மணிக்கணக்கில்.

1940இல் ‘காளமேகம்’ திரைப்படத்தில் நடிக்கவும் செய்தார். அதைவிட அவருடைய தோடி இசைத்தட்டே வீடுதோறும் ஒலித்தது. 1956 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 58. இன்று நம் கலைஞர்கள் ஊதுவது பெரும்பாலும் அந்தப் பாரி நாயனத்தைத்தான்.