சிவனொளிபாத மலையும் விண்ணேறும் வழியும்

1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பில் மறைந்தவர் அறிஞர் ஆர்தர் சி. கிளார்க். வேற்றுலகங்களில் மாந்தர் குடியேறவும் கனிமம் அகழவும் பெருந்தடையாவது, சுமையைப் புவியினின்று மேலேற்றும் செலவே என அவர் கண்டார். எனவே, சந்திரனில் அகழும் பொருளை மின்காந்த விசையால் விண்ணில் ஏவும் முறையை 1950இல் ஆராய்ந்தெழுதினார்.

1979இல் வெளிவந்த தமது நாவலில், நம் சிவனொளிபாத மலையை ஒத்த சிகரத்தினின்று வானளாவும் வடமொன்றை நிறுவி, அதன்வழி ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திற்குச் சுமையேற்றும் தூக்கியைக் கற்பித்தார். அது பூமத்திய ரேகையில் நிற்றல்வேண்டுமென்று, கதையில் இலங்கையையே தெற்கே நகர்த்தினார்!

அத்துணை நீளமும் வலிமையும் உடைய வடம் இன்றுவரை ஆக்கப்படவில்லை. ஆயினும், இரத்தினபுரிக் குழிகளில் மண்ணை மேலேற்றுவோரின் உழைப்பைக் கண்டுவரும் நான், அவர்தம் கணக்கு மெய்யென்பேன். ஏற்றுகூலி மிகுமாயின் மாணிக்கமும் மண்ணே.