துணிக்கடைப் பெண் அமைச்சரானார்!

சம்பளமும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, படுக்க இடமும் தருகின்ற முதலாளியைப் பழி கூற யாருக்குத்தான் மனம் வரும்? வள்ளல் என்றல்லவா வாழ்த்தத் தோன்றும்! 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே, இங்கிலாந்து நாட்டுத் துணிக்கடைச் சீமான்கள் அப்படித்தான் வாழ்த்துப் பெற்று வந்தார்கள். அந்த வள்ளன்மைக்கு உள்ளே இருந்தது என்ன என்பதை ஊரறிய, உலகறியச் செய்தவர் ஒரு பெண். அதே கடைகளிலே நின்று துணி அளந்த பெண். மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்பது அவர் பெயர்.

சாமர்செட் மாவட்டத்திலே சார்டு என்றொரு சிற்றூர். 1873 மார்ச் 17 அன்று அங்கே பிறந்தார். பதினொரு குழந்தைகள் அந்த வீட்டில், இவர் பத்தாவது. தந்தை சரிகைத் துணித் தொழிலாளி; கையிலே காசு இல்லையே தவிர, கருத்திலே தீவிரவாதி. பதின்மூன்று வயதிலேயே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது அந்தச் சிறுமிக்கு. அது நிலைக்கவில்லை. 1887ஆம் ஆண்டு, பதினான்கு வயதிலே, கடற்கரை ஊரான ஹோவ் நகரத்துத் துணிக்கடை ஒன்றுக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார்.

முதல் கடை நல்ல கடை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குத் தெரிந்த அம்மையாரின் கடை. சொந்தப் பெண்போலவே நடத்தினார்கள். அங்கே துணி வாங்க வந்த லூயிசா மார்ட்டின்டேல் என்ற சீமாட்டி, அந்தப் பெண்ணின் அறிவுத் தாகத்தைக் கண்டு, புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். ஆனால் அடுத்து பிரைட்டனிலே, அதற்குப் பின் 1894 முதல் லண்டனிலே, பெரிய பெரிய கடைகளைப் பார்த்தாரே, அங்கேதான் கண் திறந்தது!

கடையிலேயே தங்கி வேலை செய்வது என்பது அந்நாட்டு வழக்கம். தங்கச் சொல்வதில்லை, தங்கியே தீர வேண்டும். மாடியிலே நெருக்கமாகப் போட்ட கட்டில்கள். காற்றும் வராது, தனிமையும் கிடையாது. சம்பளத்திலே ஒரு பகுதிதான் சோறும் படுக்கையும் என்று கணக்கு; சோறு பிடிக்காவிட்டாலும் கணக்கு மாறாது. விதிகளோ, அடுக்கடுக்காக! தாமதமாக வந்தால் அபராதம். பில்லிலே பிழை இருந்தால் அபராதம். இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கதவு திறக்காது. கல்யாணம் செய்துகொள்ள நினைத்தாலோ, வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆண்களுக்கும் இதே கதிதான். தனக்கென்று வீடு இல்லாதவனுக்கு அந்நாளில் வாக்குச் சீட்டு கிடைப்பது அரிது. ஆகவே கடை மாடியிலே படுத்துறங்கிய ஆண்களிலே மிகப் பலர் தேர்தல் நாளன்றும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்!

இவ்வளவுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1886இல் ஒரு சட்டம் செய்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று! எழுபத்து நான்கு! அது குழந்தைகளுக்குக் காட்டிய கருணை. வயது வந்தவர்களுக்கு அந்த வரம்புகூடக் கிடையாது.

லண்டனிலே ஒரு மாலை, பசியோடு நடந்த அந்தப் பெண், வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினார். பழைய செய்தித்தாளிலே மடித்துக் கொடுத்தார்கள். தின்றுகொண்டே தாளைப் படித்தார். கடைச் சிப்பந்திகளே, சங்கத்திலே சேருங்கள் என்று அழைத்து, சங்கச் செயலாளர் ஜேம்ஸ் மக்பர்சன் எழுதிய கடிதம் அதிலே இருந்தது. (நாம் எழுதுவதெல்லாம் நாளைக்கு பஜ்ஜி மடிக்கத்தானே என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.) உடனே சென்று உறுப்பினரானார்.

சேர்ந்ததோடு நிற்கவில்லை. சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். கிரேஸ் டேர் என்று புனைபெயர். சொந்தப் பெயரிலே எழுதினால் மறுநாளே தெருவிலே நிற்க வேண்டும். பகலெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு, இரவிலே உடன் படுத்த பெண்கள் தூங்கும்வரை காத்திருந்து, அரைக்காசு மெழுகுவத்தியை ஏற்றி, வெளிச்சம் வெளியே தெரியாதபடி துண்டால் மறைத்துக்கொண்டு எழுதினார். அந்த வெளிச்சம் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் ஓர் அபராத விதி இருந்திருக்கும்!

1896இலே, பெண் தொழிலாளர் நிலையை ஆராயும் மகளிர் தொழில் மன்றம் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. கடை கடையாக வேலைக்குச் சேர வேண்டும். உள்ளே நடப்பதைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். இரண்டாண்டுக் காலம் செய்தார். ஒரு கடையிலே சில நாள், இன்னொன்றிலே சில வாரம். வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் எழுதிய அறிக்கைகள் ஏராளம். உள்ளேயே படுத்து, உள்ளேயே உண்டு, உண்மையைக் கொண்டுவந்தவர் இவர். அறிக்கை வந்த 1898ஆம் ஆண்டிலேயே சங்கத்தின் துணைச் செயலாளரானார். அப்போது சங்கத்தில் 3,000 பேர்கூட இல்லை. 1907இல் 20,000க்கு மேல்.

1899இலே இரண்டு செய்திகள். பிளிமத் நகரத்துத் தொழிற்சங்கக் காங்கிரசிலே, அவ்வளவு ஆண் பிரதிநிதிகளுக்கு நடுவே ஒரே பெண்ணாக அவர் உட்கார்ந்திருந்தார். தொழிற்கட்சி பிறக்க வழிசெய்த தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மற்றொன்று, அதே ஆண்டிலே நாடாளுமன்றம் செய்த சட்டம். கடைகளிலே வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்பது அது. மூவருக்கு ஒன்று! அதையும் கடைச் சீமான்கள் முகம் சுளித்துத்தான் ஏற்றார்கள்.

சிரிக்க வேண்டாம். நம்முடைய தமிழ்நாட்டிலே துணிக்கடைப் பெண்களும் ஆண்களும் நாளெல்லாம் நின்றார்களே, அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்திலே திருத்தம் வந்தது எப்போது? 2021 செப்டம்பரிலே. கேரளத்தார் 2018இலே செய்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்துக்கும் நம் சட்டத்துக்கும் இடையே 122 ஆண்டு! இத்தனை ஆண்டும் வாடிக்கையாளருக்கு மட்டும் மெத்தை போட்டே வைத்திருந்தோம்.

பாண்ட்ஃபீல்ட் அம்மையாரின் கதைக்கு வருவோம். மேரி மக்கார்தர் என்ற வீராங்கனையோடு சேர்ந்து பெண் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்தார். ஊர் ஊராகப் பேசினார். 1923இலே தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழுவுக்குத் தலைவரானார். அந்த இடத்துக்கு அதற்குமுன் எந்தப் பெண்ணும் வந்ததில்லை. அவ்வாண்டு இறுதியிலே நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1929 ஜூனிலே, ராம்சே மக்டொனால்டு அமைச்சரவையிலே தொழிலாளர் அமைச்சர். பிரிட்டனின் வரலாற்றிலேயே அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண்! கடையிலே உட்கார முக்காலி மறுக்கப்பட்டவருக்கு, அரசாங்கத்திலே நாற்காலி.

இங்கே முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். முடிக்க முடியாது. உலகப் பொருளாதாரம் சரிந்தது. அவர் பதவியேற்றபோது 11 லட்சமாக இருந்த வேலையில்லாதோர் தொகை, 1930 முடிவிலே 25 லட்சத்தைத் தாண்டியது. உதவித் தொகை கொடுக்கும் நிதி கடனிலே மூழ்கியது. 1931இலே அவர் கொண்டுவந்த சட்டம், மணமான பெண்களிலே பெரும் பகுதியினருக்கு அந்த உதவியைப் பெற முடியாதபடி கதவைச் சாத்தியது. கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற கடை முதலாளிகளை எதிர்த்து எழுதிய கை, கல்யாணம் செய்தவளுக்கு உதவி இல்லை என்ற சட்டத்தையும் எழுதியது! பெட்டியிலே பணம் இல்லை, அவர் என்ன செய்வார் என்று வாதிடுவோர் உண்டு. பணம் இல்லாதபோது முதலில் யாருடைய தட்டிலிருந்து எடுப்பது என்பதுதானே கேள்வி? அதிலே அவர் தவறினார் என்றே நான் நினைக்கிறேன். ஆகஸ்ட் மாதத்திலே உதவித் தொகையைக் குறைக்கும் திட்டத்தால் அமைச்சரவையே பிளந்தபோதும், குறைக்கலாம் என்ற பக்கத்திலேதான் அவர் இருந்தார். ஆனால், மக்டொனால்டு கட்சியை உதறிவிட்டு எதிரிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தபோது, அவரோடு போகவில்லை. கட்சியிலேயே நின்றார்.

அவ்வாண்டுத் தேர்தலிலே, கப்பல் கட்டும் தொழிலாளர் ஊரான வால்சென்டிலே தோற்றார். 1935இலும் நின்று தோற்றார். அதற்குப் பிறகும் வீட்டிலே முடங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளிலே, நகரத்து ஏழைக் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து 1943இல் நூல் வெளியிட்ட மகளிர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1953 ஜூன் 16 அன்று, 80ஆம் வயதிலே மறைந்தார்.